வெள்ளிக்கிழமைக்குள் ஐயாயிரம் யூரோ கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, சொந்த ஊர் மதுரை. நான்கு ஆண்டுகளாக லிஸ்பனில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கணவருக்கு 38. அவருக்கும் இங்கேதான் வேலை, இருவருக்கும் வசிப்பு அனுமதி இருக்கிறது. லிஸ்பனில் வாடகை கட்டி மாளவில்லை. அதனால் செதூபல் நகரில், லூயிசா தோதி அவென்யூவுக்குப் பின் தெருவில், 1970-களில் கட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்தோம். லிஃப்ட் கிடையாது. இரண்டு படுக்கையறை, பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து இன்னொரு சிறிய அறையும் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் ஆறும் படகுகளும் தெரிகின்றன. விலை 2,45,000 யூரோ. விற்பவர்கள் மூன்று உடன்பிறப்புகள். தாயார் இறந்து வந்த சொத்து, ஒருவர் பிரான்சில் இருக்கிறார். வேறொருவர் தயாராக நிற்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் 5,000 யூரோ கட்டிப் பிடித்துவையுங்கள் என்கிறார் முகவர். விற்பவர்களில் மூத்தவர், பத்திரத்தில் 2,25,000 போட்டுக்கொள்ளலாம், மீதி 20,000 ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் வரி மிச்சம் என்றார். மதுரையில் என் அப்பா, கடலோரத்தில் வீடு வேண்டாம் என்று பயப்படுகிறார். ஆனாலும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் தவணைக்கு உதவுமா? வீடு வாங்கினால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை என்பது உங்கள் முகவருடைய நாள், உங்களுடையது அல்ல. தயாராக நிற்கும் அந்த 'வேறொருவர்' இந்தத் தொழிலில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்பவர். சில நேரம் அவர் உண்மையாகவே இருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. அப்படியிருந்தால் இந்த வீடு அவருக்குப் போகட்டும். காகிதம் பார்க்காமல் ஐயாயிரம் யூரோவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதன் பின்னால் அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செதூபல் எனக்குப் பிடித்த ஊர். மத்திச் சாளையை டப்பாவில் அடைத்து உலகத்துக்கே அனுப்பிய துறைமுகம். அந்தத் தொழிற்சாலைகள் மூடி ஒன்று அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டது. லிவ்ரமென்து சந்தையில் காலையில் மீன் வாங்கியவர்களுக்கு லிஸ்பன் பல்பொருள் அங்காடி மீன் தொண்டையில் இறங்காது. மாதம் 40 யூரோ பாஸில் லிஸ்பனுக்கு ரயிலில் போய்வரலாம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் அதையும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை கூட்டத்தில் நின்றுகொண்டு வந்து பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், மூலப்பத்திரம் இன்னொருவர் பெயரில் இருக்கும், அனுமதி வாங்கிய வரைபடத்தில் மாடிப்படியே இருக்காது. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. போர்ச்சுகலிலும் கதை அதேதான், அலுவலகங்களின் பெயர்தான் வேறு. ஒரே வீட்டைப் பற்றி மூன்று இடங்களில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை.

முதலாவது பதிவு அலுவலகம். அங்கே கிடைப்பது 'செர்த்திதாவ் பெர்மனென்த்', நம் வில்லங்கச் சான்றிதழுக்கு அண்ணன். உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா, நீதிமன்ற ஜப்தி இருக்கிறதா, ஆயுள்கால அனுபவ உரிமை யாருக்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். இணையத்தில் 15 யூரோ கட்டினால் ஆறு மாதம் செல்லுபடியாகும் ஓர் எண் கொடுப்பார்கள். விற்பவர் அந்த எண்ணைத் தந்தால் போதும், நீங்களே திறந்து பார்க்கலாம். பதினைந்து யூரோ எண்ணைத் தரத் தயங்குகிறவரிடம் இரண்டரை லட்சம் யூரோ வீட்டை வாங்க வேண்டாம்.

இரண்டாவது வரி அலுவலகம். அது தருவது 'கதெர்நெத்தா பிரெதியால்' என்ற வரிக் குறிப்பேடு. வீட்டின் பரப்பு, அறைகள், வரிக்கான மதிப்பு ஆகியவை அதில் இருக்கும். முகவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். நம் ஊர் வீட்டுவரி ரசீது மாதிரி இது. வரி யார் பெயரில் வருகிறது என்பதைச் சொல்லும், வீடு யாருடையது என்பதற்கு இது சாட்சி அல்ல.

மூன்றாவது நகராட்சி, இங்கே 'கமரா' என்பார்கள். குடியிருக்கலாம் என்ற அனுமதியும் அங்கீகரித்த வரைபடமும் அங்கே இருக்கின்றன. 1951 ஆகஸ்ட் 7-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. உங்களுடையது 1970-களில் கட்டியது, ஆகவே இருந்தாக வேண்டும். இதில் ஒரு புதுச் சிக்கல் உண்டு. 2024 தொடக்கத்தில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பத்திரப் பதிவின்போது இந்த அனுமதியைக் காட்ட வேண்டியதில்லை. வேலையை எளிதாக்கத்தான் செய்தார்கள். விளைவு என்னவென்றால், நோட்டரி கேட்பதில்லை. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த மூன்றும் வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் எனக்கு உறுத்துவது அந்தக் கண்ணாடி அறை. போர்ச்சுகீசியரும் பால்கனியை வராந்தா என்றுதான் சொல்கிறார்கள். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அவர்களிடமிருந்து நாம் வாங்கியவை. வராந்தாவை அடைத்தால் அதற்குப் பெயர் 'மர்கீஸ்'. நாடு முழுக்க லட்சணமாக அடைத்துவைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் யாரையும் கேட்காமல். கட்டடத்தின் முகப்பு மாறுவதால் குடியிருப்போர் கூட்டத்தின் ஒப்புதல் தேவை, நகராட்சியின் அனுமதியும் தேவை. இரண்டும் இல்லையென்றால், அகற்று என்று நாளை உத்தரவு வரும்போது அது முன்னாள் உரிமையாளரைத் தேடிப் பிரான்சுக்குப் போகாது, உங்கள் கதவைத் தட்டும். இன்னொன்று, வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த அறையைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். இதற்காக வீட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது இரண்டு படுக்கையறையும் ஒரு வராந்தாவும்தான் என்று நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்தது வாரிசுகள். பங்கு பிரிக்காத சொத்தை விற்க மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும். மூத்தவர் எவ்வளவு அதிகாரத்தோடு பேசினாலும் அவர் கையெழுத்து மற்ற இருவரைக் கட்டுப்படுத்தாது. பிரான்சில் இருப்பவர் வர முடியாவிட்டால் அங்குள்ள போர்ச்சுகீசியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். வாரிசுகளின் கணவன் மனைவியரும் கையெழுத்திட வேண்டுமா என்பது அவரவர் திருமணத்தின் சொத்து முறையைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் முன்பாக, வாரிசுச் சான்று எழுதப்பட்டு, பதிவில் தாயார் பெயர் போய் மூவர் பெயரும் வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்னும் தாயார் பெயரிலேயே இருந்தால், வெள்ளிக்கிழமை என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. அவர்களே இன்னும் விற்கத் தயாராகவில்லை.

ரொக்க விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகிப்போனது. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கைக்குக் கை என்று கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப் போடுவதில்லை. இங்கே அது வரி ஏய்ப்புக் குற்றம். தவிர, 3,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாற்றுவதைச் சட்டம் 2017-லேயே தடுத்துவிட்டது. பணம் எந்த வழியில் வந்தது என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு லாப நஷ்டக் கணக்காகவே பாருங்கள். 'உங்களுக்கும் வரி மிச்சம்' என்றாரே, அது உண்மையா?

வாங்குபவர் கட்டும் வரி இங்கே ஐ.எம்.டி. எனப்படும். விலையா, வரி மதிப்பா, எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். நிலையாகக் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு 2025-ஆம் ஆண்டு அட்டவணையில் முதல் 1,04,261 யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2,45,000-க்கு ஏறத்தாழ 6,900 யூரோ வரும். அதோடு 0.8 சதவீதம் முத்திரை வரி, 1,960 யூரோ. ஆனால் 2024 ஆகஸ்டு முதல் 35 வயது வரை உள்ளவர்கள் வாங்கும் முதல் குடியிருப்பு வீட்டுக்கு விலக்கு இருக்கிறது. 2025 கணக்கில் 3,24,058 யூரோ வரை ஐ.எம்.டி.யும் இல்லை, வாங்கும் முத்திரை வரியும் இல்லை. உங்களுக்கு வயது 34. ஆகவே உங்கள் பங்குக்கு வரியே இல்லாதபோது, விலையைக் குறைத்துக் காட்டி நீங்கள் எதை மிச்சப்படுத்தப்போகிறீர்கள்?

மிச்சம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பரம்பரையாக வந்த சொத்தை விற்கும்போது, சொத்து கைக்கு வந்த நாளின் வரி மதிப்பை வாங்கிய விலையாக வைத்து லாபம் கணக்கிடுவார்கள். பழைய வீடுகளில் அந்த மதிப்பு சந்தை விலைக்குக் கிட்டத்தில்கூட வராது. அதனால் லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் பெரிதாக வரும். மூத்தவரின் கவலை அதுதான். அவர் வரியைக் குறைக்க, நாளை நீங்கள் விற்கும்போது 20,000 யூரோ கூடுதல் லாபம் கண்டவராகக் கணக்கில் நிற்பீர்கள்.

அதைவிட உடனடியான அடி வங்கியில் விழும். குடியிருக்கும் வீட்டுக்கு விலையிலோ மதிப்பீட்டிலோ எது குறைவோ அதில் 90 சதவீதம் வரைதான் கடன் தரலாம் என்பது மத்திய வங்கியின் வரம்பு. உண்மை விலையை எழுதினால் 2,20,500 வரை கடன் கேட்கலாம், உங்கள் கையிலிருந்து 24,500. பத்திரத்தில் 2,25,000 என்று போட்டால் கடன் 2,02,500-ஐத் தாண்டாது. வித்தியாசம் 22,500, ரொக்கம் 20,000, ஆக 42,500 யூரோவை நீங்கள் புரட்ட வேண்டும். அவருக்கு உதவி செய்ய உங்களுக்கு 18,000 யூரோ கூடுதல் சுமை. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அவரிடமே காட்டுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

அந்த 35 வயது விலக்கில் கணவரின் வயது இடிக்கிறது. இருவர் பெயரிலும் வாங்கினால் உங்கள் பாதிக்கு மட்டும் விலக்கு, அவருடைய பாதிக்கு ஏறத்தாழ 4,400 யூரோ வரி வரும். இந்தியச் சட்டப்படி மணந்தவர்களுக்குக் கணவன் சொத்து கணவனுடையது, மனைவி சொத்து மனைவியுடையது. கோவாவிலும் தாமன், தியூவிலும் மட்டும்தான் 1867-இன் போர்ச்சுகீசிய சிவில் சட்டம் இன்னும் உயிரோடு இருந்து சொத்தைப் பொதுவாக்குகிறது. ஆகவே உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் வாங்க வழி உண்டு. ஆனால் வழி இருக்கிறது என்பதற்காக அதில் போய்த்தான் ஆக வேண்டுமா? தவணையில் பாதி கட்டப்போகிற மனிதரின் பெயர் பத்திரத்தில் இல்லாமல் போவதன் விலை 4,400 யூரோவா என்பதை நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் பேசித் தீர்க்க வேண்டும். வழக்கறிஞரின் கட்டணத்தில் அந்த ஆலோசனை அடங்காது. எப்படி வாங்கினாலும் திருமணச் சான்றிதழுக்கு இந்தியாவில், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, மொழிபெயர்ப்பைச் சான்றளித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் திருமணச் சொத்து முறையை எழுதாமல் விடமாட்டார்கள், கடைசி வாரத்தில் இந்தக் காகிதத்துக்காகத் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரம் பதியும் நாளில் உங்களுக்கு 36 ஆகியிருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். கடன் தொகைக்குத் தனியாக 0.6 சதவீத முத்திரை வரி உண்டு, அதற்கு வயது விலக்கு இல்லை.

சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் யோசனைக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. விலக்கு வாங்கிய வீட்டில் ஆறு மாதத்துக்குள் குடியேற வேண்டும். ஆறு ஆண்டுக்குள் அதை வேறு உபயோகத்துக்குத் திருப்பினால், வேலை மாற்றம், குடும்ப மாற்றம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, விட்டுக்கொடுத்த வரியைத் திரும்பக் கேட்பார்கள். தவிர, குறுகிய கால வாடகைக்கு நகராட்சியில் பதிவு வேண்டும்; மாடிப்படியில் பெட்டி உருட்டும் சத்தம் தாங்காத அண்டை வீட்டார் எதிர்க்கவும் வழி உண்டு. தவணையை உங்கள் சம்பளத்தில் கட்ட முடியுமென்றால் வாங்குங்கள். கோடைக்கால வாடகை வந்தால்தான் கட்ட முடியும் என்றால் இந்த வீடு உங்களுக்குப் பெரிது.

குடியுரிமைக்கும் வீட்டுக்கும் தொடர்பில்லை. முன்பு வீடு வாங்கினால் வசிப்பு அனுமதி தரும் 'கோல்டன் விசா' வழி இருந்தது. 2023 அக்டோபரில் அதில் வீட்டுப் பிரிவை மூடிவிட்டார்கள். உங்களுக்கு ஏற்கெனவே அனுமதி இருப்பதால் அது தேவையும் இல்லை.

காகிதங்கள் சரியாக வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து விற்பனை உடன்படிக்கை. இதைத்தான் நீங்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். அப்போது கொடுக்கும் முன்பணத்துக்கு 'சினால்' என்று பெயர். சிவில் சட்டத்தின் 442-ஆம் பிரிவு சுருக்கமாகச் சொல்வது இது: வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போயிற்று, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி கடன் தராமல் போனால்? அதுவும் நீங்கள் பின்வாங்கியதாகவே ஆகும், உடன்படிக்கையில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளம் தம்பதி இருபது சதவீதம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார்கள். வங்கி மதிப்பீடு விலையைவிடக் குறைவாக வந்தது, மீதியைப் புரட்ட முடியவில்லை. உடன்படிக்கையை நான் மூன்று முறை படித்தேன், கடனைப் பற்றி ஒரு வரி இல்லை. படிப்பதற்கு முன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை, போட்ட பிறகு எத்தனை முறை படித்தால் என்ன? ஆகவே உங்கள் உடன்படிக்கையில், வங்கிக் கடன் இன்ன தொகைக்கு இன்ன தேதிக்குள் ஒப்புதல் ஆகாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற வாசகம் இருக்க வேண்டும். இருபது சதவீதம் கேட்டால் பத்து சொல்லுங்கள். மூன்று வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், கையெழுத்துகள் நேரில் சான்றளிக்கப்பட வேண்டும்.

முகவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வழக்கமாக அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். சிரித்துப் பேசுகிறார், காபி வாங்கித் தருகிறார் என்பதற்காக அவர் உங்கள் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். நோட்டரியும் உங்கள் பக்கம் அல்ல, அவர் நடுநிலை. உங்களுக்கென்று பேச ஒரு வழக்கறிஞரையோ, இங்கே 'சொலிசித்ததோர்' எனப்படும் பத்திர வல்லுநரையோ நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். முகவர் சிபாரிசு செய்பவரை வேண்டாம். உங்களுக்கு மொழி போதாதென்றால் பத்திரப் பதிவில் மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அப்பாவின் பயம். அவர் 2004-ஐப் பார்த்த தலைமுறை, அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. இந்தக் கரையும் அதை அறியும். 1755 நவம்பர் 1-இன் நிலநடுக்கமும் கடல்கோளும் லிஸ்பனோடு நிற்கவில்லை. 1858 நவம்பர் 11-இல் செதூபலையே குறிவைத்ததுபோல ஒன்று வந்து ஊரைச் சிதைத்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கட்டடம் எந்த விதிப்படி கட்டப்பட்டது என்பது. நிலநடுக்கத்துக்கான முதல் கட்டட விதிகள் இங்கே 1958-இல் வந்தன, கடுமையானவை 1983-இல். உங்கள் கட்டடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். தரைத்தளத்தில் கடை வைப்பதற்காக யாராவது சுவரை இடித்திருக்கிறார்களா என்பதை அவர் முதலில் பார்ப்பார். அடுக்குமாடியில் தீக் காப்பீடு கட்டாயம், நிலநடுக்கக் காப்பு கட்டாயமில்லை. கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடல் வந்து வீட்டை எடுத்துப்போகுமா என்றால், எஸ்பின்யுவிலும் கப்பாரிக்காவிலும் அந்தக் கேள்வியை நானே கேட்பேன். எஸ்பின்யு தெருத்தெருவாகக் கடலுக்குக் கொடுத்த ஊர். செதூபல் திறந்த கடலைப் பார்க்கவில்லை, ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது, எதிரே திரோயா மணல்திட்டு காவல் நிற்கிறது. அந்த ஆற்றின் பெயரை இங்கே 'சாது' என்றுதான் உச்சரிக்கிறார்கள். பார்க்கவும் சாதுதான். ஆனால் நகரின் தாழ்ந்த பகுதியில், ஊருக்கடியில் ஓடும் லிவ்ரமென்து ஓடை பெருமழையில் பெருகும்போது ஆற்றில் கடலேற்றமும் சேர்ந்துகொண்டால், சாது மிரண்டால் என்ற பழமொழி நினைவுக்கு வரும். வெள்ளத்தைத் தேக்கவென்றே வார்சியா பூங்காவை அமைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு நீர் ஏறாது, கீழே மின் அறைக்கும் வாசலுக்கும் ஏறலாம். பழைய கடைக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள், சுவரில் எதுவரை நீர் நின்றது என்று கையால் காட்டுவார். இதைவிட நீர்க்கரைக்கு நெருங்கிய வேறு வீடு பார்க்க நேர்ந்தால் எச்சரிக்கை: நீர் ஏறும் எல்லையிலிருந்து 50 மீட்டர் அரசின் கடலோரப் பொதுநிலம். அது தனியாருடையது என்பவர், 1864 டிசம்பர் 31-க்கு முன்பே தனியாரிடம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். நம் மூலப்பத்திரம் எல்லாம் இதன் முன் குழந்தை.

அப்பா பணம் அனுப்புவதில் தடையில்லை. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்து வைக்கும். அது போய்விட்ட பணம் அல்ல, கணக்குத் தாக்கல் செய்யும்போது அப்பா திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தத் தொகை முடங்கும், கணக்கில் வையுங்கள். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே வரி இல்லை. வங்கி மட்டும் 'பணம் எங்கிருந்து வந்தது' என்று துருவும். அப்பாவின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு, ஒரு கொடைக் கடிதத்தோடு வரட்டும். நண்பர் மூலமாக, மாமா மூலமாக என்று சுற்றிவர வேண்டாம்.

ஆண்டுதோறும் வரும் வீட்டுவரி பெரிய சுமையல்ல, வரி மதிப்பில் 0.3 முதல் 0.45 சதவீதம் வரைதான். வரி மதிப்பு 1,25,000-க்குள் இருந்து வருமான வரம்புக்குள்ளும் வந்தால் முதல் மூன்று ஆண்டுக்கு விலக்கு கேட்கலாம்.

உண்மையான சுமை குடியிருப்போர் சங்கத்திலிருந்து வரும். ஐம்பது வயதுக் கட்டடம், உப்புக் காற்று, கூரை, கழிவுநீர்க் குழாய். விற்பவர் நிலுவை எவ்வளவு என்று சங்க நிர்வாகியிடம் அறிக்கை வாங்கித் தர வேண்டும் என்பது 2022 சட்டம். 'அந்தக் காகிதம் வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும்' என்பார்கள். எழுதிக் கொடுத்தால் பழைய கடன் எல்லாவற்றையும் நீங்கள் ஏற்றதாக ஆகும். அதோடு கடந்த மூன்று ஆண்டு கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். கூரை மாற்றுவது பற்றி மூன்று ஆண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் குடியேறிய மாதம் அந்தச் சண்டை முடிந்து ரசீது வரும்.

மழை பெய்யும் நாளாகப் பார்த்து இன்னொரு முறை போங்கள். இங்கே குளிரைவிட ஈரம்தான் வீட்டை ஆள்கிறது. வடக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். விற்பதற்குச் சற்றுமுன் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால், அந்தச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். மேல்மாடி வராந்தாவின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து பார்த்தால், துருப்பிடித்த கம்பி சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறதா என்பது தெரியும்.

வெள்ளிக்கிழமை முகவருக்கு நான்கே வரியில் கடிதம் எழுதுங்கள். வீடு பிடித்திருக்கிறது, 2,45,000-ஐப் பத்திரத்திலேயே முழுதாக எழுதி வாங்கத் தயார். பதிவுச் சான்றின் எண், வரிக் குறிப்பேடு, நகராட்சி அனுமதி, சங்க அறிக்கை நான்கும் வந்த பத்து நாளில் உடன்படிக்கைக்கு வருகிறோம். அதற்கு முன் பிடித்துவைக்கும் பணம் கேட்டால், காகிதம் ஒத்துவராவிட்டால் முழுதாகத் திரும்ப வரும் என்று எழுத்தில் தாருங்கள், அந்தக் காகிதத்தில் உங்கள் நிறுவனத்தின் உரிம எண்ணும் இருக்கட்டும்.

பதில் வந்ததும் நகல்களை எனக்கு அனுப்புங்கள். அந்தக் கண்ணாடி அறையைத் தெருவிலிருந்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும், மேலும் கீழும் உள்ள வீட்டு வராந்தாக்கள் தெரியும்படி.